பள்ளிக்கூடம் லயத்துக்கு வந்த வருடம்

2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளம் முழுக்க ஒரு பூனையைப் பற்றித்தான் பேச்சு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொலைக்காட்சியில் வந்த ஒரு டீச்சர், கண்ணை உருட்டி, கையை ஆட்டி, குரலை மாற்றி மாற்றித் தங்குப்பூச்சையின் கதையைச் சொன்னார். சமையலறையில் இருந்த அம்மாக்களும் திண்ணையில் இருந்த தாத்தாக்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ஒன்றாம் வகுப்புக்குப் போன குழந்தைகளுக்கு அவர்தான் முதல் டீச்சர்.

மூணாறுக்கு மேலே ஏதோ ஒரு தேயிலை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அதே கதையைக் கேட்ட ஆறு வயதுக் குழந்தையை நினைத்துப் பார்க்கிறேன். மலையாளத்தில் ‘பூச்ச’ என்றால் பூனை. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையின் காதில் அது ‘பூச்சி’ என்று விழும். டீச்சர் பூனையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். குழந்தை பூச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறது. திரையில் பூனைப் படம் தெரிந்ததும் புரிந்திருக்கும். படம் காட்ட முடியாத பாடங்கள் அதற்குப் பிறகு நிறைய வந்தன.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு அந்தக் கல்வியாண்டு எப்படிப் போனது என்பதைத் தமிழ்நாட்டில் இருக்கும் நாம் சரியாகக் கவனிக்கவில்லை. நமக்கு நம் பாடு. கேரளத்து ஊடகங்களுக்கும் இது ஓரத்துச் செய்திதான். அதனாலேயே இப்போதாவது விரித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

டிவியும் போனும்

2020 மார்ச் 10 அன்று கேரள அரசு ஏழாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடச் சொன்னது. அன்றுதான் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தொடங்கியிருந்தது. பத்து நாளில் அதுவும் நின்றது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் பாக்கி. அவற்றை மே 26 முதல் முகக்கவசத்தோடும் வெப்பமானியோடும் எழுத வைத்தார்கள்.

கேரளத்தில் ஜூன் 1 என்பது பள்ளி திறக்கும் நாள் மட்டுமல்ல, மழை வரும் நாளும்கூட. புதுக் குடை, புதுப் பை, வாசலில் தோரணம், மிட்டாய் என்று ‘பிரவேசனோற்சவம்’ நடக்கும். அந்த வருடம் வாசல் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பதிலாகக் காலை 8.30 மணிக்கு கைட் விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ அடித்தது. 2005-ல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த கல்வி சேனல் அது. பதினைந்து வருடம் ஓரமாக ஓடிக்கொண்டிருந்த சேனல் ஒரே நாளில் மாநிலம் முழுமைக்கும் வகுப்பறை ஆனது. அதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

தமிழ்வழி, கன்னடவழி மாணவர்களையும் அரசு மறந்துவிடவில்லை. கன்னட வகுப்புகளைக் காசர்கோட்டிலும் தமிழ் வகுப்புகளைப் பாலக்காட்டிலும் தயாரித்தார்கள். தமிழ் படித்த ஆசிரியர்கள் கேமரா முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டு பாடம் நடத்தினார்கள். அந்த வகுப்புகள் யூடியூபில் ஏறின.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மலையாளப் பாடம் சேனலில் வந்தது. தமிழ்ப் பாடம் யூடியூபில் வந்தது. முதலாவதற்கு ஒரு டிவியும் ஒரு டிஷ்ஷும் இருந்தால் போதும். தேயிலை லயத்தில்கூட அது இருக்கிறது. ஓர் அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீட்டின் தகரக் கூரைமேல் டிஷ் முளைத்திருப்பதை மூணாறு போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரண்டாவதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும், ரீசார்ஜ் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ரேஞ்ச் வேண்டும். மலையில் இல்லாதது அந்த மூன்றாவதுதான். உள்ளூர் கேபிள்காரர் தமிழ் வகுப்பை எடுத்துப் போட்ட இடங்கள் தப்பித்தன. மற்ற இடங்களில் கையில் இருந்த கருவிக்கு வந்த பாடம் வேற்று மொழியில் இருந்தது; தன் மொழியில் வந்த பாடமோ கைக்கு எட்டாத கருவியில் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு நாளில் இருப்பது இருபத்துநான்கு மணி நேரம். பன்னிரண்டு வகுப்புக்கும் மலையாளத்தில் பாடம் ஓட்டினாலே சேனல் நிறைந்துவிடும். ஆனால் காரணம் நியாயமானதாக இருந்தாலும், பட்ட கஷ்டம் குழந்தையுடையதுதான்.

டிவி, இணையம் இரண்டும் இல்லாத மாணவர்கள் மாநிலத்தில் 2.61 லட்சம் பேர் என்று அந்த வருடம் சமக்ர சிக்ஷா கணக்கெடுத்தது. டிவி உண்டு, ஆனால் அதில் தன் மொழிப் பாடம் இல்லை என்ற வீட்டுக்கு அந்தக் கணக்கில் தனியாக ஒரு கட்டம் இல்லை.

“அவங்களுக்குத்தான் மலையாளம் தெரியுமே”

எல்லைப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். பாதி உண்மை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலோ மூணாறு பஸ் ஸ்டாண்டிலோ நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையன் நிமிடத்துக்கு ஒரு முறை மொழி மாற்றிப் பேசுவான். கடைக்காரரிடம் ‘எத்ரயா’ என்பான், திரும்பித் தம்பியிடம் ‘வாடா போலாம்’ என்பான். அவனுக்கு மலையாளம் தெரியும்தான். ஆனால் சந்தை மலையாளம் வேறு, பாடப்புத்தக மலையாளம் வேறு.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். நமக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். அங்கே சங்கலனம், வியவகலனம், குணனம், ஹரணம். அறிவியலில் நமக்கு ஒளிச்சேர்க்கை, அங்கே பிரகாச சம்ஸ்லேஷணம். ‘சுற்றளவு’, ‘பரப்பளவு’ இரண்டும் இரு மொழிக்கும் பொது என்பது ஓர் ஆறுதல். எதன் சுற்றளவு என்று கேட்டால்தான் சிக்கல். தமிழில் ‘சதுரம்’ என்றால் நான்கு பக்கமும் சமம். மலையாளத்தில் ‘சதுரம்’ என்பது நம் செவ்வகம். நம் சதுரத்துக்கு அவர்கள் ‘சமசதுரம்’ என்பார்கள். டிவியில் டீச்சர் ‘ஒரு சதுரம் வரைங்க’ என்ற பொருளில் சொன்னால், தமிழ்வழி மாணவன் நோட்டில் வரைவது வேறு வடிவம். எதிரில் ஆசிரியர் நின்றால் நோட்டைப் பார்த்ததும் திருத்திவிடுவார். டிவி நோட்டைப் பார்ப்பதில்லை.

வகுப்பறைக்கு வெளியிலும் அதே கதை. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். கொரோனாக் காலத்தில் சுகாதார ஊழியர் வாசலுக்கு வந்து ‘பனி உண்டோ?’ என்று கேட்டால், வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் வாழும் மூணாறுப் பாட்டிக்கு அந்தக் கேள்வி எப்படி விளங்கும்? பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் பேரனோ பேத்தியோ இருந்தால் அவர்கள் சொல்லித் தருவார்கள். எல்லையோர வீடுகளில் அரசு பேசுவதை வீட்டுக்கு மொழிபெயர்ப்பது பள்ளிப் பிள்ளைதான். ரேஷன் கடை அறிவிப்பு, பஞ்சாயத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாமே அந்தப் பிள்ளையின் கைக்குத்தான் வரும். அந்த வருடம் அந்த மொழிபெயர்ப்பாளருக்கே பாடம் சொல்ல ஆளில்லை.

மூன்று அரசுகளின் மிச்சம்

இவர்கள் எங்கிருந்தோ வந்து ஒண்டியவர்கள் அல்ல. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே நின்றன. அவற்றையும் இந்தப் பக்கம் சேர்க்கக் கேட்ட கிளர்ச்சியின் கதை நமக்குத் தெரியும். அதற்குப் பின் அங்கே பிள்ளைகள் எந்த மொழியில் படித்தார்கள் என்ற கதைதான் தெரியாது. பாலக்காட்டுப் பக்கம் வரலாறு இன்னும் சுற்றலானது. பாலக்காடு தாலுகா மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. ஒட்டியிருந்த சித்தூரோ கொச்சி மகாராஜாவுக்கு உரியது. இன்றைய எல்லைத் தமிழ்வழிப் பள்ளிகள் இப்படி மூன்று பழைய ஆட்சிகளின் மிச்சத்தில் நிற்கின்றன.

கண்ணன் தேவன் மலைகளில் 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றதிலிருந்து தேயிலையின் கதை தொடங்குகிறது. காட்டை வெட்டவும் கொழுந்து கிள்ளவும் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து ஆள் கட்டிக் கொண்டுபோனார்கள். ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. குண்டுமலை, தென்மலை, கடலார், சோத்துப்பாறை, வாகுவரை, எல்லப்பட்டி, நல்லதண்ணி என்று எஸ்டேட் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே அது யாருடைய மலை என்று தெரிந்துவிடும்.

சித்தூரின் கிழக்கு வேறு மாதிரி. வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, முதலமடை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும், மழை குறைந்த மண். கொங்குத் தமிழ், தென்னை, கடலை, மாந்தோப்பு. பொள்ளாச்சிக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு சோதனைச்சாவடிதான் தூரம். ஆழியாற்றிலிருந்து வர வேண்டிய தண்ணீருக்கு இரு மாநிலமும் வருடா வருடம் கணக்குப் பார்க்கும் ஊர்கள் இவை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருப்பதால், தமிழ் படித்து அங்கேயே ஆசிரியராகத் திரும்பும் வழி ஒன்று இங்கே உண்டு. மலையில் இருப்பவர்களுக்கு அந்த வழி இன்னும் நீளம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள உரிமை தந்திருக்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயல வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு. எழுத்தில் எல்லாம் உண்டு. அந்த எழுத்துக்கு உயிர் கொடுக்கும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அலுவலகம், ஆஸ்பத்திரி, காவல்நிலையம் எதிலும் தமிழில் பதில் கிடைப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மனதைப் பொறுத்தது. தமிழ்வழிப் பள்ளியில் மட்டும்தான் அரசு தன் கடமையாகவே தமிழில் பேசுகிறது. அந்த ஒரு வாசலும் மூடியதுதான் அந்த வருடத்தின் இழப்பு. ‘கற்றல் இழப்பு’ என்று அறிக்கைகளில் எழுதப்படும் சொல் இதைச் சொல்லப் போதாது.

இரண்டு சேனலுக்கு நடுவே

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலையிலிருந்து பாடங்களை ஒளிபரப்பியது. எல்லையோர வீடுகளின் டிவியில் அதுவும் தெரியும். தமிழ் அட்சர சுத்தமாக இருக்கும். ஆனால் பாடம் தமிழ்நாட்டினுடையது. கேரளத் தமிழ்வழி மாணவன் கையில் இருப்பது கேரளத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. மலையாளத்தில் எழுதித் தமிழாக்கித் தந்த புத்தகம். ஒரு சேனலில் மொழி சரி, பாடம் வேறு. இன்னொன்றில் பாடம் சரி, மொழி வேறு. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

ரோடும் அப்படித்தான் அறுந்தது. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஒரு பக்கம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னார் இன்னொரு பக்கம். அதுவரை டீ குடிக்கத் தாண்டிய கோடுகளுக்கெல்லாம் பாஸ் வேண்டியிருந்தது. 2020 மே மாதம் வாளையாரில் பாஸ் இல்லாமல் வந்தவர்கள் வெயிலில் காத்துக் கிடந்ததை நாடே பார்த்தது. போடி, கம்பம் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் இறங்கிவந்த பெண்களின் பிழைப்பு நின்றது. அம்மா கோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று இருந்த குடும்பங்களுக்கு மாமன் வீட்டுக்குப் போவதுகூட அயல்நாட்டுப் பயணம் மாதிரி ஆனது.

தேயிலைத் தோட்டங்களில் வேலை வெகுசீக்கிரம் தொடங்கிவிட்டது. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது அப்பாவோடு போகும். அம்மா காலையிலேயே கூடையோடு மலையேறுவாள். லயத்தில் பகல் முழுக்கப் பிள்ளைகள் மட்டும். 2015 செப்டம்பரில் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போனஸும் கூலியும் கேட்ட பெண்களின் வீடுகள் இவை. படிப்பின் பொருள் இங்கே வேறு என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு லயம் சொந்தமில்லை. 58 வயதில் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் அதே கூரையின் கீழ் தொடர்ந்து இருக்க முடியும். ஆகவே இங்கே ஒரு பிள்ளை படிப்பை விடுவது என்பது, பதினெட்டு முடிந்ததும் யார் கூடையைத் தூக்குவது என்ற வீட்டுக் கேள்விக்குக் கிடைக்கும் பதில். பள்ளி ஒரு வருடம் மூடியிருந்தால் அந்தப் பதில் ஒரு வருடம் சீக்கிரமாக வந்துவிடும் என்று அங்கே வேலை செய்யும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும்.

பெட்டிமுடி

ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ரேஞ்ச் தேடி நடந்தார்கள். இரவிகுளம் தேசியப் பூங்கா ரோட்டோரத்தில் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, போனை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்டார்கள். படம் செய்தியில் வந்தது. பார்த்தவர்கள் ‘என்ன ஆர்வம்!’ என்று மெச்சினார்கள். ஆர்வம்தான். ஆனால் பள்ளிப் பிள்ளை மழையில் உட்கார்ந்து படிப்பதை மெச்சிவிட்டு நகர்ந்துவிடும் மனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, பத்தரை மணிக்குமேல், ராஜமலையின் நெய்மக்காடு எஸ்டேட்டில் பெட்டிமுடி டிவிஷன் லயங்கள்மேல் மலை சரிந்தது. நாள்கணக்காகப் பெய்த மழை. மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. நடந்தது என்னவென்று வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. பெரியவரையில் தற்காலிகப் பாலம் சேதமாகியிருந்ததால் மீட்புக்குப் போனவர்களும் தவித்தார்கள். 70 பேர் போய்விட்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேரை அங்கே ஓடும் ஆறு திருப்பித் தரவில்லை. இறந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு, கைக்குழந்தைகள் உண்டு. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. கயத்தாறிலும் அன்று இழவு விழுந்தது.

பாடத்தைக் கொண்டுவராத அதே ரேஞ்ச்தான் அந்த இரவு கூப்பாட்டையும் கொண்டுபோகவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு டவர் வேண்டும் என்று கேட்டபோது அதைப் படிப்பு வசதி என்று நினைத்தோம். அது உயிர் வசதி என்று மலை சொன்னது.

அந்த வருடம் எந்தப் பள்ளியிலும் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுக்கவில்லை. பெட்டிமுடியில் போன பிள்ளைகளின் பெயரை வாசித்து, பதில் வராமல், வகுப்பே ஒன்றாக உட்கார்ந்து அழும் அந்தக் கொடுமையான காலைப்பொழுதுகூடக் கூட்டாளிகளுக்குக் கிடைக்கவில்லை. அவரவர் லயத்தில், அவரவர் மூலையில் அழுதார்கள். துக்கம் ஆற்றும் இடமாகவும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

பிழைத்த குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

நடந்து வந்த டீச்சர்கள்

பள்ளி வீட்டுக்கு வந்த அந்த மாற்றத்தைத் தாங்கிப் பிடித்தது யார் என்று கேட்டால் என் பதில் ஆசிரியர்கள்தான். எந்த ஆணையும் வருவதற்குமுன் அவர்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது: பிள்ளை பள்ளிக்கு வர முடியாவிட்டால் பள்ளிதான் பிள்ளையிடம் போக வேண்டும். பாடத்தைச் சுருக்கித் தமிழில் எழுதி, நகலெடுத்து, ஜீப் போகும் இடம்வரை ஜீப்பிலும் அதற்குமேல் நடந்தும் கொண்டுபோனார்கள். முந்தின வாரத் தாளை வாங்கித் திருத்தி, அடுத்த வாரத் தாளைக் கொடுத்தார்கள். கிழக்குச் சித்தூரில் அங்கன்வாடி, வாசகசாலை, யாராவது விட்டுக்கொடுத்த வீட்டுத் திண்ணை ஆகியவை படிப்பு மையங்கள் ஆயின. டிவியில் மலையாள வகுப்பு ஓடும். பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் சொல்லித் தருவார். சதுரத்தைச் செவ்வகமாகத் திருத்த ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

பெற்றோரும் மாறினார்கள். அதுவரை பி.டி.ஏ. கூட்டத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாத அம்மாக்கள் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் என்ன, பேசத் தெரியுமே. ‘டீச்சர், பையன் மூணாங் கணக்கு போடல’ என்று அம்மாவே சொல்லும் நிலை முன்பு இருந்ததில்லை. மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பலசரக்கும் பையில் போட்டுப் பள்ளியில் கொடுத்தார்கள். அதை வாங்க வந்த நாளில்தான் பல வீடுகளின் உண்மை நிலை ஆசிரியர்களுக்குத் தெரிந்தது.

பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் இறங்கினால் இடமலைக்குடி. 2010-ல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. முதுவான் மக்கள் வெளியாரை உள்ளே விடுவதில்லை என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2021 ஜூலை வரை ஒரு கொரோனாத் தொற்றுகூட அங்கே இல்லை. மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் அவர்களின் பேச்சுக்கு எழுத்து இல்லை. மலையாளத்தைவிடத் தமிழுக்கு அது நெருக்கம். பள்ளி மொழியோ மலையாளம். தாய்மொழி வேறு, பள்ளி மொழி வேறு என்ற கேள்வி லயத்தோடு முடியவில்லை, காட்டுக்குள்ளும் போகிறது. மற்றவர்களுக்கு அந்த ஒரு வருடம் நேர்ந்தது முதுவான் குழந்தைக்கு ஒவ்வொரு வருடமும் நேர்கிறது. தமிழ்வழிக்காகக் குரல் கொடுப்பவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கோரிக்கை.

அந்த நவம்பர் 1

பத்து, பன்னிரண்டாம் வகுப்பினரை மட்டும் 2021 ஜனவரியில் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல், 8-ல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. எந்தப் பாடங்கள் முக்கியம் என்று ‘ஃபோகஸ் ஏரியா’ குறித்துக் கொடுத்திருந்தார்கள். தேர்ச்சி 99.47 சதவீதம். அந்த எண்ணை வைத்து அந்த வருடத்தை அளப்பது நியாயமில்லை. இரண்டாவது ஜூனும் டிவியிலேயே பிறந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1. கிட்டத்தட்ட இருபது மாதம் கழித்து. அதே நாள் தமிழ்நாட்டிலும் ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தன. 65 வருடம் முன்பு கோடு போட்டுப் பிரித்த தேதியில், கோட்டின் இரு பக்கமும் பிள்ளைகள் ஒரே காலையில் பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பக்கம் கேரளப் பிறவி நாள், இந்தப் பக்கம் எல்லைப் போராட்டத் தியாகிகளின் நினைவு. பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை; டீச்சரைப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்களுக்குத் தங்கள் பெஞ்சு எது என்று தெரியவில்லை. பாதி பாதியாக, மாற்றி மாற்றி வரவழைத்தார்கள். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு முதல் வாரங்களில் பாடத்தைவிடப் பேச்சுத்தான் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு மாற்றங்கள் ஓயவில்லை. 2023-ல் கேரளம் புதிய பாடத்திட்ட வரைவு கொண்டுவந்தது. 2024 ஜூனில் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும் 2025-ல் மற்ற வகுப்புகளுக்கும் புத்தகம் மாறியது. எட்டாம் வகுப்பில் தொடங்கி எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்ற விதியும் படிப்படியாக வருகிறது. புத்தகம் மாறும்போதெல்லாம் தமிழ்வழிக்கு வேலை இரண்டு மடங்கு: மலையாளத்தில் எழுதி முடித்த பிறகுதான் தமிழாக்கம் தொடங்கும். மொழிபெயர்ப்பில் உட்காருபவர்களும் வகுப்பெடுக்கும் அதே ஆசிரியர்கள்தான். குறைந்தபட்ச மதிப்பெண் விதி 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அந்தப் பூனைக்கதைப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்கும்போது, அவர்கள் எந்த அடித்தளத்தின் மேல் நிற்கிறார்கள் என்பதை விதியை நடத்துபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கேரளப் பள்ளிகளில் ஆறாம் வேலைநாள் என்று ஒன்று உண்டு. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது நாள் தலையெண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். கணக்கில் வரப் பிள்ளையின் ஆதார் முதலான காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் படிக்கும், தோட்ட வேலைக்கேற்ப இடம் மாறும் பிள்ளைகளின் காகிதங்கள் எப்போதும் ஒரு கையெழுத்துக் குறைந்தே இருக்கும். தமிழ் டிவிஷனில் நான்கு பிள்ளை குறைந்தாலும் ஒரு பணியிடத்துக்கு ஆபத்து. பணியிடம் போனால் அடுத்த வருடம் தமிழில் கணக்குச் சொல்ல ஆளிருக்காது. ஆளில்லை என்றால் பெற்றோர் பிள்ளையை வேறு வழிக்கு மாற்றுவார்கள். அதனால் ஜூன் முதல் வாரத்தில் மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, தமிழ்வழி ஆசிரியர்கள் மறுபடியும் லயங்களுக்கு ஏறுகிறார்கள். இந்த முறை கையில் பாடத்தாள் இல்லை. பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆறாம் நாள் காலை பள்ளி வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது, இறங்கும் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.